அடுப்பு நகர்ந்தது, அல்மைரா நகரவில்லை

மச்சையாஸ், மெய்ன்
9 நவம்பர் 1987

அன்புள்ள மைத்துனி நெட்டிக்கு,

எல்வுட் எழுதுவது. இங்கு நான் சுகம், இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும். நீ எழுதுவதில்லை.

உன் பாட்டியின் அக்கா அல்மைரா கரித்துண்டால் வரைந்த படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடியாது. இது என் கடைசி வார்த்தை. போன வருடம் சொன்னதும் கடைசி வார்த்தைதான். குடும்பச் சொத்து என்கிறாய். உங்கள் குடும்பம் அதைக் கோழிக்கொட்டகை ஓட்டையை அடைக்க வைத்திருந்தது. உன் அக்கா ஓபல்தான் எடுத்துவந்து கண்ணாடியைத் துடைத்து, என் சமையலறையில் மாட்டினாள். ‘அ. க்ராக்கெட்’ என்று கையெழுத்திட்டதால், அந்தக் காலத்துப் பாஸ்டன் பத்திரிகை ஒன்று ஆணென்று நினைத்து ‘திரு. க்ராக்கெட்டின் உறுதியான கை’ என்று புகழ்ந்திருக்கிறது. அதோடு அல்மைராவை உலகம் மறந்தது. இது நூலகத்தில் நானே பழைய தாள்களைப் புரட்டிக் கண்டுபிடித்தது, உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

படத்தில் ஒருத்தி பீன்ஸ் பொறுக்குகிறாள். யாரோ வந்த சத்தம் கேட்டு நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறாள். ஓபல் போய்ச்சேர்ந்த பிறகு நானும் இந்தப் படத்துக்காரியும் வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறோம்.

நீ அனுப்பிய அருங்காட்சியகப் பெண் டானா செவ்வாயன்று வந்து, “ஐயா, அடுப்புச் சூட்டுல படம் கெட்டுப்போயிடும், இடத்தை மாத்துங்க” என்றாள். மாற்றினேன், அடுப்பை. இப்போது புகைக்குழாய் எட்டவில்லை, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆறிய சூப்பைக் குடிக்கிறேன். இதைத் தொலைபேசியில் சொன்னால், “ஒரு ஆணியைப் பிடுங்க மனசு வராம அடுப்பையா தள்ளுனீங்க அத்தான்? அக்கா இருந்திருந்தா உங்களைப் பிடுங்கி வெளிய போட்டிருப்பா” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அந்த ஆணி அவள் அடித்தது. நான் பேசி முடிக்கவும் இல்லை.

சனிக்கிழமை டானா மறுபடி வந்து சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடியின் உள்பக்கத்தில் புகைபோல இன்னொரு அல்மைரா படம்.

“தொண்ணூறு வருஷமாக் கரி கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து ஒட்டியிருக்கு ஐயா. தயவுசெஞ்சு தொடச்சிடாதீங்க.”

“நான் எதைத் தொடச்சேன்? வீட்டைப் பாத்தா தெரியலையாம்மா?”

அவளும் சிரித்தாள். காபி குடிக்காமல் போய்விட்டாள்.

ஆகவே படம் அசையாது. நீ வந்து கெஞ்சவும் வேண்டாம். உனக்கும் உன் நான்கு பூனைகளுக்கும் கர்த்தர் பனி குறைந்த குளிர்காலத்தைத் தருவாராக.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
எல்வுட் பீல்

பின்குறிப்பு: இதை எழுதி இரண்டு நாளாகிறது, தபாலில் போடவில்லை. இன்று காலை டானாவைக் கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டேன். தொண்ணூறு வருடமாக யார் வந்தது என்று நிமிர்ந்து பார்க்கிறாள். அங்கேயாவது யாராவது வருவார்கள். கண்ணாடி என்னிடம்தான். திருப்பிப் போட்டு, பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, ஓபலின் ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். இப்போது இடம் வலம் மாறி, அவள் வாசலைப் பார்ப்பதில்லை, என் நாற்காலியைப் பார்க்கிறாள். கரி வெளிப்பக்கம் இருக்கிறது, வந்தால் தொடாதே. சனிக்கிழமை பீன்ஸ் வேகவைக்க அடுப்பைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும், தனியாளாக முடியாது. இரண்டு பேருக்கு ஊறப்போடுகிறேன்.