நிஸார் நட்ட பலகை

அந்தப் பலகை பச்சையா நீலமா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றதெல்லாம் நடந்ததுதான் என்று நினைக்கிறேன்.

கற்பிட்டிப் பக்கம், கடலோடு சேர்ந்த களப்பின் ஓரத்துக் கண்டல் காட்டுச் சரணாலயத்துக்கு நிஸார் காவலாளி. கடற்பெருக்குத் தண்ணீர் ஏறும் இடம் வரை சரணாலயம். அந்த எல்லையில் 'உட்புகத் தடை' என்ற பலகை நிற்க வேண்டும். சனிக்கிழமை பெரிய அதிகாரி மர்ஸூக் பார்க்க வருகிறார். பலகை இல்லாவிட்டால் நிஸாருக்கு வேலையும் இல்லை.

புதன் விடியப் பார்த்தால் பலகை சேற்றில் மல்லாந்து கிடந்தது.

"பெருக்கு அடிச்சு விழுத்திட்டுது சேர்," என்று மர்ஸூக்குக்குப் போனில் சொன்னான்.

"அப்ப இன்னும் மேல நடும். தண்ணி எட்டாத இடத்துல."

கரையில் தோணி ஏற்றும் இடத்தில் நட்டான். மீன்பிடிக்கும் அன்ரனிப்பிள்ளை கத்தினார்.

"தம்பி, என்ட தோணிய இனி உம்மட தலையிலயா ஏத்துறது?"

"பெருக்கு வருதே அண்ணே!"

"எந்தப் பெருக்கு? நான் காணல்லயே."

வியாழனும் விழுந்தது. மறுபடி போன். தென்னைகளுக்கு நடுவே நட்டான். வெள்ளி ஜும்மாத் தொழுகை முடிந்து வந்தால் அங்கும் கிடந்தது, நனைந்து, பாசி ஒட்டி. கடல் தன்னைத்தான் தேடி வருகிறதோ என்று நிஸார் நினைத்தான். மறுபடி போன். பிறகு தன் வீட்டையும் தாண்டி, ரோட்டோரம், சீமெந்து குழைத்து நட்டான்.

சனி காலை மர்ஸூக் வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா நட்டிருக்கீர்." பிறகு களப்புப் பக்கம் திரும்பினார். "பலகைக்கு அங்கால ஒரு வீடு நிக்குதே, யார்ட?"

நிஸார் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"எங்கட வீடு சேர்," என்றாள் தேத்தண்ணியோடு வந்த அவன் மனைவி மர்ஷூதா.

"சரணாலயத்துக்குள்ள வீடா?"

"சேர், தண்ணி இங்க வராது சேர்!" என்றான் நிஸார்.

"வருதெண்டு மூணு நாளா போன் பண்ணினது நீர்தானே? வீட்ட விட்டு எழும்பத்தான் வேணும். பாலாவியில மாற்றுக் காணி தருவாங்க."

பெற்ற வாப்பா கட்டிய வீடு. நிஸார் மணலில் உட்கார்ந்துவிட்டான். மர்ஸூக்கின் ஜீப் போனதும் கடலை ஏசத் தொடங்கினான்.

மர்ஷூதாதான் கடைசியில் வெற்றுக் கோப்பையை எடுத்தாள்.

"கடல ஏசாதீங்க. இந்த உப்புக் கிணத்தோட இன்னும் எவ்வளவு காலம் இழுபடுறது? மூணு நாளாப் பலகையப் புடுங்கிப் புடுங்கி என்ட இடுப்புத்தான் விட்டுப் போச்சு."

நிஸாருக்கு அதே வேலை; பாலாவியிலிருந்து பஸ்ஸில் வருகிறான். மர்ஸூக் சிலாபத்துக்கு மாற்றலாகிப் போனார். அன்ரனிப்பிள்ளை பழைய இடத்திலேயே தோணி ஏற்றுகிறார், யாரும் கேட்பதில்லை. மர்ஷூதாவின் புதுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்திலேயே, பைப்பில் நல்ல தண்ணீர் வருகிறது.