சோபாஜ் திருத்த வந்தவருக்குச் சோறு போட்ட கணக்கு

நேற்று எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். சோபாஜ் திருத்த வாற ஆளுக்குக் கதவைத் திறந்து விடுறது.

சோபாஜ் எண்டா வீட்டைச் சூடாக்கிற மெஷின். இந்தக் குளிருக்குள்ள அது நிண்டுபோனா, பாரிஸ் லா சப்பலில இருக்கிற எங்கட வீடு மீன்கடை ஐஸ்பெட்டி மாதிரித்தான். என்ர மனுசன்ர ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் சமைச்சுக்கொண்டிருந்தனான்.

மனுசன் வேலைக்குப் போகேக்கை கதவடியில நிண்டு சொன்னார்.

"இஞ்சை பாரும், வந்த உடன எவ்வளவு எண்டு கேளும். மணித்தியாலக் கணக்கிலதான் காசெடுப்பாங்கள். போன முறை பூட்டுத் திருத்த வந்தவன் எங்களை உரிச்சுப்போட்டுப் போனது ஞாபகம் இருக்குத்தானே?"

"ஓம், ஓம், எனக்குத் தெரியும்!"

தெரியும்தான். ஆனா வீட்டுக்கு வந்த ஆளிட்டை வாசலிலேயே காசுக்கதை கதைக்கிறதோ? எனக்கு வெக்கமாப் போச்சு. கேக்கேல்லை.

வந்தவர் நல்ல உயரமான பிரெஞ்சுக்காரர். வாசலில நிண்டு தன்ர போனை ஒரு தட்டுத் தட்டினார். குசினிக்குள்ள போய் மெஷின்ர மூடியைக் கழட்டினார். உள்ளுக்கை இருந்து ஒரு கறுத்த றப்பர் வளையத்தை எடுத்தார். புதுசு ஒண்டைப் போட்டார். பூட்டினார்.

நான் தேத்தண்ணி ஊத்தி முடிக்கேல்லை, வீடு சுடத் தொடங்கிட்டுது!

அந்த இடத்தில "மெர்சி" எண்டு சொல்லி ஆளை அனுப்பியிருக்கோணும். அனுப்பினனோ? இல்லை.

ஏனெண்டா அது மத்தியான நேரம். அடுப்பில சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, இறால் பொரியல். சாப்பாட்டு நேரத்தில வந்த ஆளை வெறும் வயித்தோட அனுப்ப எனக்கு மனம் வருமே?

"சாப்பிடுங்கோ" எண்டன், எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில.

"நோ, மெர்சி, மதாம்."

முதல் தரம் ஆரும் வேண்டாமெண்டுதான் சொல்லுவினம். எங்கட ஆக்களுக்கு அது கணக்கில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைச்சன்.

"நோ, நோ, மதாம்!"

ரெண்டாந்தரமும் சொல்லுறாரே, நல்ல வளர்ப்பு எண்டு நினைச்சுக்கொண்டு சோத்தைப் போட்டன்.

மூண்டாந்தரம் அவர் சொல்லேல்லை. குழம்பு வாசம் மூக்குக்குப் போயிட்டுது.

என்ன சாப்பாடு சாப்பிட்டார் அந்த மனுசன்! கையால எப்பிடிப் பிசையிறது எண்டு கேட்டார். காட்டிக் குடுத்தன். அதுக்கே கன நேரம் போச்சு. கோப்பை காலியாக, நான் திரும்பப் போட்டன். காலியான கோப்பையைப் பார்த்தா என்ர கை சும்மா இருக்காது.

பிறகு ஊறுகாய் வைச்சன். "கொஞ்சம் உறைக்கும்" எண்டு சொல்லித்தான் வைச்சன். அவர் அதை ஜாம் எண்டு நினைச்சாரோ தெரியாது, ஒரு கரண்டி அள்ளி அப்பிடியே வாயில போட்டார்.

அவ்வளவுதான்!

முகம் தக்காளிப்பழம். கண்ணால தண்ணி. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து தலையை வெளியில போட்டார். இப்பத்தான் சூடான வீடு, திரும்பக் குளிர்ந்துது! ஆம்புலன்சுக்கு அடிக்கிறதோ? முன்வீட்டுச் சனம், நான் ஆளுக்கு நஞ்சு வைச்சிட்டன் எண்டு நினைக்குமோ? தயிர் குடுத்தன். சீனி குடுத்தன். கடைசியில பிரிஜ்ஜில கிடந்த பாயாசத்தைக் குடுத்து ஆளை ஆறப் பண்ண மணி மூண்டாச்சு.

ஆறினவர் போனை இன்னொரு தட்டுத் தட்டி பில்லைக் காட்டினார்.

மூண்டு மணித்தியாலக் கூலி! வளையம் தனி!

எனக்கு வேர்த்துக் கொட்டினது சோபாஜால இல்லை.

எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே இது அநியாயக் கணக்கெண்டு விளங்கிச்சு. "மொசியே! வேலை கொஞ்சம், சாப்பாடு கனக்க!" எண்டு கத்தினன்.

அவர் ஆறுதலாச் சொன்னார். "மதாம், நான் உள்ள வந்த உடன இந்தப் போனில மணி ஓடத் தொடங்கும். வெளிக்கிடேக்கைதான் நிக்கும். கம்பனி அப்பிடித்தான் வைச்சிருக்கு. நான் ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"அது மரியாதைக்குச் சொன்னதெல்லோ!"

"இல்லை மதாம். வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

பில்லைத் திரும்ப ஒருக்கால் பார்த்தன்.

அவரும் பாவம் பார்த்தார். "மத்தியான இடைவேளை எண்டு கொஞ்சம் கழிக்கலாம்" எண்டார். விடுவனோ! கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன்.

"முதல் போட்ட சோறு உங்கட இடைவேளை."

"சரி. ரெண்டாந்தரம் போட்டது? நான் கேக்கேல்லையே."

"கேக்கேல்லைத்தான். ஒரு பருக்கை மிச்சம் விட்டனீங்களோ?"

யோசிச்சார். "சரி, அது பாதிப் பாதி."

"ஊறுகாய்?"

"ஊறுகாய் உங்கட பக்கம், மதாம். அது வேலை செய்யிற இடத்தில நடந்த விபத்து."

சரியெண்டு ஊறுகாயை என்ர பக்கம் எடுத்தன். இன்னும் கதைச்சா, லீவும் எழுதிக் கேட்டிருப்பார்.

பாயாசத்தை மட்டும் தானாவே தன்ர பக்கம் எடுத்தார். "அது நான் ஆசைப்பட்டுச் சாப்பிட்டது" எண்டார். நல்ல மனுசன்!

கடைசியில பில் பாதியில வந்து நிண்டுது. கார்ட்டைக் குடுத்தன்.

பின்னேரம் மனுசன் வந்தார். அவருக்கு கார் து நோர் ஸ்டேசன் பக்கம் ஒரு ரெஸ்ரோரன்டில குசினி வேலை. ஒண்டும் மறைக்காமல் முழுக்கச் சொல்லிப்போட்டு, "இப்ப சொல்லுங்கோ, இது நியாயமான பில்லோ?" எண்டு கேட்டன்.

மனுசன் காலியான சட்டியளை ஒவ்வொண்டாத் திறந்து பார்த்தார்.

"எங்கட கடையில சாப்பிட்டவன்தான் காசு குடுத்திட்டுப் போறவன். சாப்பிட்டவனுக்குக் காசும் குடுத்து அனுப்பின கடை, உம்மட கடை ஒண்டுதானப்பா!"

ஆனபடியால் உங்களுக்கும் சொல்லிவைக்கிறன்: சோபாஜ் பழுதானா, கந்தசஷ்டி உபவாசத்தில ஆளைக் கூப்பிடுங்கோ.