டிக்கை எடுக்காத குற்றம்

அன்பும் அறிவும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் உடல்நலத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். குறைவில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, உங்கள் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதற்கு மூலகாரணம் நீங்கள்.

குடும்பப் படங்களைச் சுருக்கி உங்களுக்கு அனுப்பலாமே என்று ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். அது வரிசையாகக் கட்டங்களைக் காட்டியது. ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. என் அலுவலகப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோப்பில் டிக் விழுந்திருந்தால் மேலிடம் பார்த்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் படிப்பதே அதிகப்பிரசங்கித்தனம். தலைமை எழுத்தராக இருந்தவரை ஒரு டிக்கையும் நான் கலைத்ததில்லை. இதையும் கலைக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று தள்ளிவிட்டேன். நான் கூப்பிட்டது ஒன்றை. வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தது ஒரு கூட்டம். தள்ளுபடி சொல்ல ஒன்று, வானிலை சொல்ல ஒன்று, என்னைக் கேட்காமலே முகப்புப் பக்கத்தை மாற்ற இன்னொன்று.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்தாலே விளம்பரம். வழுக்கைக்கு எண்ணெய், தொப்பைக்கு பெல்ட். அதையெல்லாம் உங்க அக்கா ரசிச்சுத்தான் பார்த்தாள். அப்புறம் சிவப்பு உடையில் ஒருத்தி வந்தாள், தலையைச் சாய்த்துக்கொண்டு, 'உங்கள் அருகில்தான் தனிமையில் வாடுகிறேன், பேசலாமா?' என்று. பெருக்கல் குறியை அழுத்தினால் அவள் தங்கை மாதிரி இன்னொருத்தி. மூட மூட குடும்பமே வருது! உடனே உங்களுக்கு போன் போட்டால், நீங்க ஸ்பீக்கரில் என்ன சொன்னீங்க? "அத்தான், விளம்பரம் சும்மா வராது. ஆள் எதைத் தேடுறாரோ அதுதான் வரும்." அதுக்கு ஒரு சிரிப்பு வேற! பக்கத்தில் நின்ற உங்க அக்கா, "ஓஹோ, அப்படியா சங்கதி" என்றாள். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போ சமையல் நான், பாத்திரம் நான், துணி நான். அவள் பேச்சு சுவரோடு மட்டும்: "உப்புன்னு ஒண்ணு இருக்கிறது சிலருக்குத் தெரியாது போல."

சனியனை ஒழித்துக்கட்டலாம் என்று, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, இலவசமாகச் சுத்தம் செய்க' என்று மின்னியதை அழுத்தினேன். அதுவும் அந்தக் கூட்டத்து ஆளாம்! கடைசியில் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ச் சொன்னேன், மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "சார், புரோகிராம் பட்டியலைத் தேதிப்படி அடுக்குங்க, அன்னைக்கு வந்து சேர்ந்ததையெல்லாம் தூக்குங்க. பிரவுசர்ல ஒட்டிக்கிட்டிருக்கிறதையும் எடுங்க. இனிமே எதை இறக்கினாலும் தயாரிச்சவங்க தளத்திலிருந்தே இறக்குங்க, படிச்சுப் பார்த்து, வேண்டாத டிக்கை எடுத்துட்டு!" வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று அது கேட்டபோது கொஞ்சம்கூட இரக்கம் காட்டவில்லை. மறுநாள் திரை பளிச்சென்று இருந்தது. என் நிலைமைதான் பளிச்சென்று ஆகவில்லை.

ஆகவே நீங்க உடனே அக்காவுக்கு போன் போட்டு, விளம்பரம் தானா வந்து ஒட்டிக்கும், அத்தான் ஒரு பாவமும் அறியாதவர்னு சொல்லணும். அவள் நம்புறது உங்க ஒருத்தரைத்தான். கூடவே குடும்பம் நடத்துற எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் திட்டினாக்கூடப் பரவாயில்லை மச்சான், பேசாம இருக்கிறதைத்தான் தாங்க முடியலை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்கள் வாய்க்கு மட்டும் ஒரு பூட்டு.

இப்படிக்கு,
கையில் கரண்டியுடன்,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். உங்க அத்தான் கம்ப்யூட்டர்ல இதைத் திறந்து போட்டுட்டு காய் வாங்கப் போயிருக்கார், அவர் வர்றதுக்குள்ள நானே அனுப்பிடுறேன். அவர்மேல தப்பில்லைன்னு அந்த மெக்கானிக் அன்னைக்கே எனக்குச் சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி அந்தக் கூட்டத்தை விரட்டினதும் நான்தான். பாவம், இவர் இரக்கமில்லாமத் தூக்கினது நம்ம பிரிண்டரோட புரோகிராமை. நீ அவசரப்பட்டு போன் கீன் பண்ணிக் காரியத்தைக் கெடுத்துடாதே. அவருக்குப் பதில் எழுதினா கொஞ்சம் கடுமையாவே எழுது. இன்னும் ஜன்னல் துடைக்கிற வேலை பாக்கி இருக்கு.