வரிசையில் நின்ற ஓய்வு

இனி ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை யாரும் எழுப்பக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கல்லிலேயே வெட்டிவிட்டேன். காசிமேட்டில் கல்லறைக் கல் வெட்டுகிறவன் வேறு எதில் எழுதுவான்?

அதில் வெட்டிய சொல்லைக் கொடுத்தவர் ஒரு பாதிரியார். லத்தீன் வாசகம் ஒன்றை வெட்டச் சொல்லி வந்தவர், பிழை வரக் கூடாதென்று விளக்கமும் சொன்னார். 'க்வியெஸ்' என்றால் அமைதி. முன்னால் 'ரெ' சேர்ந்தால் ரெக்வியெஸ்: திரும்பக் கிடைக்கும் அமைதி, அதாவது ஓய்வு. பெண்பால் சொல். "ஓய்வைக் கொடு" என்று கேட்கும்போது அதுவே 'ரெக்வியெம்' ஆகிவிடுமாம். லத்தீனிலும் ஓய்வு சும்மா வருவதில்லை. வேற்றுமை போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நான் கெஞ்சுகிறவன் இல்லை. மூலை உடைந்த ஒரு சின்னக் கருங்கல் பலகையில் முதல் வேற்றுமையிலேயே வெட்டினேன். மேலே ரெக்வியெஸ். நடுவில் என் பெயர், செங்குட்டுவன். கீழே, ஞாயிறு 1 – 4. வீட்டு வாசலில் சாய்த்து வைத்தேன்.

என் மனைவி மோகனப்ரியா ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது? நீ செத்துப் பூட்ட மாதிரி கீது."

"ஓய்வுமே. லத்தீன்ல ரெக்வியெஸ். பொம்பளப் பேரு."

"ஓஹோ. மூணு மணி நேரம் அவகூட இருக்கப் போறியா?"

"ஆமா. நீ எழுப்பக் கூடாது."

"ரெண்டு மணிக்குத் தண்ணி லாரி வருமே?"

"அதுக்குத்தான்மே கல்லு!"

"சரிய்யா. நான் எழுப்பல."

அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது.

ஞாயிறன்று கோழிக் குழம்பு மயக்கத்தில், வாசலில் கல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் படுத்துவிட்டேன். இரண்டு மணிக்குக் கதவை இடித்தார்கள். எதிர் வீட்டு சபீஹா. அவளுக்குப் பின்னால் மாடிப்படி முழுக்கப் பெண்கள்.

"அண்ணாத்தே, எய்ந்துரு! லாரி வந்துகீது. இன்னிக்கு நீதான் பைப்பு புடிக்கணும்."

"நானா? எதுக்கு?"

"மொத எடம் யாருதோ, அவுங்க வூட்டு ஆம்பளதான் லாரி காலியாவறவரைக்கும் புடிக்கணும். தெரு ரூல்சு."

"எங்களுக்கு எப்பவும் பதினேழாவது எடமாச்சே!"

எங்கள் தெருவில் வரிசைக்கு ஆள் நிற்பதில்லை. உடைந்த பக்கெட்டோ செங்கல்லோ வைத்து இடம் பிடிப்பார்கள். கொஞ்சம் அசந்தால் அதை யாராவது காலால் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். முதல் இடத்தில் என் கல். காலால் என்ன, கையால் தொடவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. யாரோ ஒரு சாமந்திப் பூ வேறு வைத்திருந்தார்கள்.

"இன்னாமே பண்ணிக்கீறே?" என்று கத்தினேன்.

"நான் எழுப்பலையே," என்றாள் மோகனப்ரியா, குடத்தை இடுப்பில் வைத்தபடி.

ஐந்து மணிக்கு நனைந்த லுங்கியோடு படியேறினேன்.

"அடுத்த வாரம் அந்தக் கல்லு வரிசைக்குப் போவாது!"

"போவாட்டி போவுது. அதே மாரி கல்லு பதினாறு வூட்ல கேட்டாங்க. ஒத்துக்கினேன்."

"பதினாறா? வாரம் பூரா எனக்கு வேலை கீதுமே. எப்ப வெட்டுவேன்?"

"அதான் அவுங்ககிட்ட சொல்லிட்டேன்யா. ஞாயித்துக்கெழம மத்தியானம் வூட்ல சும்மாதான் படுத்துகினு கீறாருன்னு."