கைமேல் பலன்காரர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. இன்று விதை போட்டுவிட்டு நாளைக் காலையில் மண்ணைத் தோண்டிப் பார்க்கிற வகை. முளைத்திருந்தால் முளையை விற்றுவிடுவார்; முளைக்காவிட்டால் விதையை விற்றுவிடுவார். எப்படியும் அன்று மாலைக்குள் சட்டைப்பையில் ஏதாவது விழுந்திருக்க வேண்டும். இவருக்குக் கைமேல் பலன்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவேதான் இருப்பார். ஆனால் அவர் எதிரில், 'அது சும்மா கிடக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். பல்லில் கல் கடித்தது போல முகம் போகும். உலகத்தில் எதுவும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒன்று சம்பாதிக்க வேண்டும், அல்லது விலைக்குப் போக வேண்டும்.

நான் நெருங்கிப் பார்த்தவர் எங்கள் தெருக்கோடியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கிறார். அப்பா கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. மாதக் கடைசி நாளில் அங்கே ஒரு சடங்கு நடக்கும். வாசல் பலகையில் அந்த மாத லாபத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள், வேலையாட்கள் சுற்றி நின்று கை தட்டுவார்கள், பிறகு டீ வரும். எண் போன மாதத்தைவிடக் குறைவாக வரும் போலிருந்தால் டீ தள்ளிப்போகும். முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருவார், எது சும்மா இருக்கிறது என்று தேடிக்கொண்டு. இப்படித்தான் ஒரு மாதம் தீயணைக்கும் வாளிகள் போயின, ஒரு மாதம் மாற்று மோட்டார் போயிற்று, ஒரு மாதம் கதவுகளுக்கு எண்ணெய் போட வந்துகொண்டிருந்தவர் போனார். எண் ஏறியது. டீ வந்தது. கதவு மட்டும் கொஞ்சம் முனகியது.

இவருக்கு ஒரு தங்கை. ஐஸ்கிரீம் செய்து விற்கிறவள். கோடையில் நடக்கும் பொருட்காட்சிக்கு மொத்தமாக ஆர்டர் பிடித்து, ராப்பகல் பாராமல் செய்து, அண்ணன் கிடங்கிலேயே அடுக்கி வைத்திருந்தாள். அது கைகூடினால்தான் வாடகைக் கொட்டகையை விட்டுச் சொந்தக் கடைக்குப் போக முடியும். ஒருநாள் கிடங்குக்குப் பின்னால் போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"அண்ணா, ஜெனரேட்டர் எங்க?"

"அதுவா? சும்மா நின்னு தூசி தின்னுக்கிட்டிருந்துச்சு. எதிர்த்தாப்புல ஐஸ் பாக்டரிக்காரர் கேட்டார், குடுத்துட்டேன். இந்த மாசப் பலகையப் பாத்தியா? அப்பா காலத்துலகூட இப்படி ஒரு எண் வந்ததில்ல!"

"கரண்ட் போச்சுன்னா?"

"போறப்பப் பாத்துக்கலாம்மா."

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதம்தான் வணிகர் சங்கம் அவருக்குச் சால்வை போர்த்தியது. தொலைநோக்குள்ள தொழிலதிபர் என்று தலைவர் புகழ்ந்தார். தலைவர் எவ்வளவு தூரம் நோக்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

கோடை வந்தது, டிரான்ஸ்பார்மர் வெடித்தது, கரண்ட் போனது. போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றவர் பார்க்கத்தான் செய்தார். ஓடினார் எதிர்வரிசைக்கு. தன்னுடைய ஜெனரேட்டரையே வாடகைக்குக் கேட்டார். ஆனால் சொன்ன வாடகைக்கு ஒத்துக்கொண்டால் அவர் பிறந்த பிறப்புக்கு என்ன மரியாதை? நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேரம் பேச உட்கார்ந்தார். இரண்டு முறை கோபித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனார். இரண்டு முறை திரும்பி வந்தார். வெயில் சாய்கிற நேரத்தில் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, போருக்குப் போய் ஜெயித்து வந்தவராக வந்து இறங்கினார்.

"வாடகைல பாதி குறைச்சுட்டேன்! இன்னொருத்தன் போயிருந்தா ஏமாந்துட்டு வந்திருப்பான்!"

கிடங்குக் கதவுக்கடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று ஒழுகி, தங்கையின் செருப்பைத் தாண்டி வாசல்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே போனார். ஒரு டப்பாவைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"ருசி அப்படியேதான் இருக்கு. பாட்டில்ல ஊத்தி இன்னிக்கே பால் ஜூஸுன்னு வித்துடலாமே?"

அவள் அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தாள்.

இப்படிப்பட்டவர் அடுத்து எங்கே போவார்? சந்தேகம் என்ன, நகராட்சித் தலைவர் தேர்தலுக்குத்தான்! எதிர்த்து நின்றது யார் தெரியுமா? தங்கை. ஊரின் தண்ணீர்க் குழாய்கள் மண்ணுக்குள் மக்கிப்போய், பாதித் தண்ணீர் பூமிக்கும் மீதி துருவோடு நமக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. அண்ணனை ஊரையும் நடத்த விட்டால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வீடு வீடாகப் போய்க் கெஞ்சாத குறையாகப் பேசினாள். எங்கள் தெருமுனையிலும் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"ரெண்டு வருஷம் தெருவெல்லாம் தோண்டித்தான் ஆகணும். தண்ணி வரியும் கொஞ்சம் ஏறும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் உங்க பேரப்பிள்ளைங்க காலம்வரைக்கும் நல்ல தண்ணி வரும்."

"ரெண்டு வருஷமா? அதுவரைக்கும் என் காரை எங்கம்மா நிறுத்துறது?" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் எதிர்காலத்தைப் பற்றியே பேசியவர்.

அப்போதுதான் லாரி வந்தது. லாரி நிறைய டிரம். நீல நிறம், இறுக்கமான மூடி, வயிற்றில் அண்ணனின் சிரித்த முகம்.

"என் தங்கச்சி ரெண்டு வருஷம் கழிச்சுத் தண்ணி தர்றேன்னு சொல்லுது. நான் இந்த நிமிஷமே டிரம் தர்றேன்! தண்ணி வரி இந்த வருஷம் கிடையவே கிடையாது!"

"டிரம்முக்குள்ள ஊத்தத் தண்ணி?" என்றது ஒரு குரல்.

"ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம்!"

நியாயமாகத்தானே படுகிறது! தெருவே கை தட்டியது. நாற்காலி மேல் நின்றவளை இறங்கச் சொல்லி, அதே நாற்காலியில் நின்று டிரம் இறக்கினார்கள்.

ஜெயித்தார். முதல் மாதமே நகராட்சி வாசலில் ஒரு பலகை தொங்கியது, அதில் வருமானம் விண்ணைத் தொட்டது. எப்படி? நீரேற்று நிலையத்தில் மூன்று மாற்றுப் பம்புகள் சும்மா இருந்தனவாம். வாங்கியவர் ஐஸ் பாக்டரிக்காரர். ஓடிக்கொண்டிருந்த பம்பு படுத்ததும் அவரே தயவு பண்ணி, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து விற்கவும் முன்வந்தார். தன் ஜெனரேட்டரையே வாடகைக்கு எடுத்த மனிதருக்கு இதில் என்ன ஆச்சரியம்? லிட்டருக்குக் கொஞ்சம் குறைக்கச் சொல்லித் தலைவரே நேரில் போய்ப் பேரம் பேசினார், பத்திரிகையில் படம் வந்தது.

இப்போது நாள் தவறாமல் லாரிக்கு வரிசை நிற்கிறது. வரிசையில் அவரைத் திட்டாத வாய் இல்லை.

"கொஞ்சமாவது முன்யோசனை வேண்டாம், ஒரு தலைவன்னா?" என்று தலைமையாசிரியர் பொருமுகிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எவ்வளவு விவரமான ஜனங்கள்!

இதையெல்லாம் படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த நாலு பேர் முகம் ஞாபகம் வந்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. உங்களை நான் சந்தேகப்படவில்லை. நேற்று அந்த வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே நீலம். நடுவில் ஒரே ஒரு பழைய தகர வாளி, அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அவர் தங்கை. அவள் மட்டும்தான் டிரம் வாங்கவில்லை போலிருக்கிறது.

அவளுக்குப் பின்னால் நின்றது நீங்கள்தானே? கையில் என்ன வைத்திருந்தீர்கள்?