என் சாவுக்கு நீர் போட்ட புள்ளி

நாரந்தனை,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர், விரிவுரையாளர் சிவகுமரன் அவர்களுக்கு,

நானும் உமது அக்காவும் நயினை அம்மன் அருளால் சுகமாக இருக்கிறோம். இதில் 'நானும்' என்ற சொல்லைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசிக்கவும். நீரும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன்; இன்று எனக்கிருக்கும் கோபத்தில் அது லேசான காரியம் இல்லை. உமக்குப் போன் எடுத்தால் 'விரிவுரையில் நிற்கிறேன்' என்று தானாக ஒரு செய்தி வருகிறது. ஆகவே இதை எழுதி யாழ்ப்பாணம் போகும் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீர்தானே என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னீர்? "அத்தான், இனிப் பிள்ளை பஸ்ஸில அலையத் தேவையில்லை. வலைப்பூ, பேஸ்புக் எல்லாம் இருக்கு. வீட்டில இருந்தே பட்டம் எடுக்கலாம். இதுக்குப் பேர் நெகிழ்வான கற்றல்." நானும் நம்பினேன். இப்போது என் மகள், உமது மருமகள் சிவதர்சினி வீட்டுக்குள் இருப்பதே இல்லை. சிக்னல் தேடிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிறாள். மாடு மிரண்டு பால் குறைந்துவிட்டது. கிணறுகள் உவராவது பற்றி அருமையான கட்டுரை ஒன்றை வலைப்பூவில் எழுதினாள். ஒரு சனமும் கருத்துப் போடவில்லை. கலந்துரையாடல் போதாது என்று, அவளுக்குப் படிப்பிக்கும் நீரே பாடப் புள்ளியை வெட்டினீர். இன்னொரு தரம் இப்படியானால் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் எழுதினீர். பிள்ளை அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வீட்டுவேலையாகக் கொடுத்தீரே ஒரு ஒப்படை, உமது ஊரில் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதிப் பேஸ்புக்கில் பகிருக என்று, அங்கேதான் என் கதை முடிந்தது.

அவள் என்னைத் தெரிந்தெடுத்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த என் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாள். வெறுமையாக இருக்கிறது என்று சுற்றிவரப் பூச் சட்டமும் போட்டாள். பிறகு முதல் வரியை எழுதினாள்: 'நாரந்தனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இரத்தினசபாபதி அவர்கள்...' நீர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தானே? மரண அறிவித்தல் மாதிரி இப்படித் தொடங்கும் எதையாவது எங்கள் சனம் இரண்டாவது வரி வரைக்கும் வாசித்ததுண்டா? லண்டன், பரிஸ், ரொறன்ரோ எல்லாம் ஒரே நேரத்தில் அழத் தொடங்கிவிட்டது. ஆழ்ந்த அனுதாபங்கள், கண்ணீர் அஞ்சலி, ஆத்மா சாந்தியடையட்டும். முந்தி என்னோடு கந்தோரில் வேலை செய்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், 'கோபக்காரன் என்றாலும் நல்ல மனிதன்' என்று எழுதியிருக்கிறார். யாருக்கையா கோபம்? சிவதர்சினி பதறிப்போய், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று கீழே எழுதினாள். உடனே ஒருவர், 'ஓம் பிள்ளை, எங்கட மனசிலயும் அவர் எப்பவும் உயிரோடதான் இருப்பார்' என்று பதில் போட, அதற்கு ஊரே கைகூப்பியது.

நேற்றுக் காலை என் ஒன்றுவிட்ட அக்கா இராசமணி நயினாதீவிலிருந்து படகு ஏறி வந்துவிட்டாள். படலையிலேயே "என்ர ராசா, எங்களை விட்டிட்டுப் போட்டியோ" என்று தொடங்கினாள். நான்தான் போய்ப் படலையைத் திறந்தேன். அவளுக்கு ஆறுதல் வர வேண்டாமா? ஆத்திரம் வந்தது. "இவ்வளவு தூரம் கடல் கடந்து அழுதுகொண்டு வந்தனான், நீ சாரத்தைக் கட்டிக்கொண்டு நிக்கிறாய்!" செத்தவீடு என்று புறப்பட்டு வந்தபடியால் முழுகாமல் திரும்ப ஏலாதாம். எங்கள் கிணற்றில் முழுகி, உமது அக்காவின் புதுச் சேலை ஒன்றையும் உடுத்துக்கொண்டு போனாள். நான் பேச்சு வாங்கினேன்.

இவை எல்லாவற்றையும் பொறுப்பேன். ஆனால் அந்த அழுகைகளுக்கு நடுவில் நீர் என்ன எழுதினீர்? 'மிகச் சிறந்த சமூக ஈடுபாடு. மனமார்ந்த வாழ்த்துகள். தொடர்க!' என்று எழுதி, வகுப்பிலேயே கூடிய புள்ளியையும் போட்டீர். அக்கா புருசன் செத்ததற்கு வாழ்த்துச் சொன்ன ஒரே ஆள் நீர்தான், ஐசே. ஒரு வரி வாசித்தீரா? எத்தனை பேர் கருத்துப் போட்டார்கள் என்று எண்ணிப் புள்ளி போடுவதற்குப் பெயர் படிப்பித்தலா?

உச்சமாக, கனடாவில் இருக்கும் என் தம்பி தயாபரன். காணிப் பிரிவினையில் முகம் திருப்பிக்கொண்டு போனவன், அம்மாவின் செத்தவீட்டிலும் என்னோடு கதைக்காதவன், அவன் எழுதுகிறான்: 'அண்ணை, நான் முதல்ல கதைச்சிருக்க வேணும்.' நாடகம்! உயிரோடு இருந்தபோது ஒரு போன் இல்லை. இதை வாசித்து உமது அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கண் கொஞ்சம் எரிந்தது, அடுப்புப் புகையாக இருக்கும்.

எனவே அந்தப் பதிவை நீக்கப் பிள்ளையை உடனே விடும். பதிவை அழித்தால் புள்ளி இல்லை என்ற உமது சட்டத்தைப் பிள்ளையில் காட்ட வேண்டாம். அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை, வாசிக்காதவர்கள் நீங்கள்தான். பதிவும் போக வேண்டும், புள்ளியும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நான் நேரே உமது வகுப்புக்கு வந்து பிரேதமாக முன் கதிரையில் இருப்பேன்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உமக்குரியதைப் பதிவு போன பிறகு அனுப்புவேன்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத அத்தான்,
இரத்தினசபாபதி

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது சிவதர்சினி ஓடிவந்து தயாபரன் இப்போது எழுதியதை வாசித்துக் காட்டினாள். 'நான் வாறதுக்குள்ள அண்ணையின்ர பிரேதத்தை எடுத்துப்போடாதேங்கோ. நான் பிளேன் ஏறீட்டன். அவற்ர முகத்தை ஒருக்காப் பாக்க வேணும்.' மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடும். பதிவில் கை வைக்க வேண்டாம். நான் சாகவில்லை என்று தெரிந்தால் அவனுக்குப் பழைய ரோசம் வந்துவிடும், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்தே திரும்பிப் போய்விடுவான். எனக்கு அவனைத் தெரியும். உமது அக்கா அவனுக்கு அறை கூட்டுகிறாள். அவன் வந்து என் முகத்தைப் பார்க்கும்வரை யாராவது கேட்டால், ஓம், அத்தான் போய்விட்டார் என்றே சொல்லும்.