காவிரிக் குழாய்க்குப் பலூன் வைத்தியம்

வீடியோ பார்த்து ரிப்பேர் செய்கிறவர்களை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. என் விஷயத்தில் என்ன சிக்கல் என்றால், அந்த வீட்டில் குடியிருந்ததே நான்தான்.

வேலூரிலிருந்து ஐ.டி. வேலைக்குப் பெங்களூர் வந்து, தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்த காலம். மக்கர் செய்த ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன், ஓடியது. கிறீச்சிட்ட கதவுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன், வாயை மூடிக்கொண்டது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளைப் பற்பசையால் அடைத்தேன். (அங்கே எறும்புகள் பந்தி போட்டது தனிக் கதை.) எனக்குத் தலைக்கனம் ஏற இது போதாதா?

அப்போது நானும் என்னோடு வேலை பார்த்த முரளியும் காதலித்துக்கொண்டிருந்தோம். அவனுடையது மல்லேஸ்வரத்தில் பல காலமாக வேரூன்றிய தமிழ்க் குடும்பம். அப்பா இல்லை, அம்மா சரி என்றால்தான் கல்யாணம். "பொண்ண நேர்ல பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்று அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது. வெள்ளிக்கிழமை காலை, சமையலறை சிங்க்குக்கு அடியில் குழாய் விரிசல் விட்டு ஒழுகத் தொடங்கியது. பிளம்பரோ திங்கட்கிழமைதான் வரமுடியும் என்று சொல்லிவிட்டார்.

பிளம்பர் எதற்கு, நான் எதற்கு இருக்கிறேன்? விரிசலில் சோப்பைத் தேய்த்தேன். மேலே ஒரு சிவப்புப் பலூனைச் சுற்றி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் இறுக்கி, நெயில் பாலிஷ் பூசினேன். சனிக்கிழமை முழுக்க ஒரு சொட்டு ஒழுகவில்லை. போட்டோ எடுத்து முரளிக்கு அனுப்பினேன். "இன்ஜினியர்னா நீதான்" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முரளியின் அம்மா மைசூர் சில்க் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிரிக்கவே இல்லை. காபித் தட்டை எடுக்கப் போனேன், சிங்க்குக்கு அடியில் 'புஸ்' என்று ஒரு சத்தம்.

அந்தக் குழாய், தொட்டிக்குப் போகாமல் தெருவிலிருந்து நேராக வரும் காவிரி லைன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். தண்ணீரே வராத குழாய் சனிக்கிழமை எப்படி ஒழுகும்? இது இன்ஜினியரின் மண்டையில் உறைக்கவே இல்லை.

பலூன் உப்பியது. இன்னும் உப்பியது. படாரென்று வெடித்தது. தண்ணீர் பீய்ச்சியடிக்க, நான் பாய்ந்து இரண்டு கையாலும் குழாயை அழுத்திப் பிடித்தேன். ஓடிவந்த முரளி சட்டென்று போனை எடுத்தான். "இரு, வீடியோ பாக்கறேன்!"

"வீடியோவா? அய்யோ தேவரே! கீழ போய் வால்வ மூடுடா, பேக போ, சீக்கிரம்!" என்று கன்னடம் கலந்து அவனை விரட்டிய அவன் அம்மா, பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிங்க்குக்கு அடியில் என் பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தை அழுத்தினார்.

முரளி வால்வைத் தேடி அலைந்தான். (முதலில் மூடியது ஹவுஸ் ஓனர் குளித்துக்கொண்டிருந்த லைனை. அவர் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.) கையை எடுத்தால் வெள்ளம். சோப்பு நுரையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். போச்சு, என் கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ கட்டினதா இது?"

"ஆமா ஆன்ட்டி."

"நெயில் பாலிஷ் எதுக்கு?"

"லீக் ஆகாதுன்னு... வீடியோல..."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சமையலும் இப்படித்தானா?"

"அது கொஞ்சம் பரவால்ல ஆன்ட்டி."

"கோவம் வருமா?"

"வரும்."

"முரளி மேலயா?"

"இப்ப ரொம்ப வருது."

"எனக்கும்தான்" என்றார்.

ஒருவழியாகத் தண்ணீர் நின்றது. என்னுடைய பூப்போட்ட நைட்டியில், தலையைத் துவட்டியபடி காபி குடித்தார் முரளியின் அம்மா. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க அப்பா அம்மாவ வரச்சொல்லு" என்றார். "அதுக்கு முன்னாடி பிளம்பர வரச்சொல்லு."

எனக்குச் சந்தோஷத்தில் மறுபடி அழுகை வந்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது, "மருமகள எங்க பாத்தீங்க?" என்று விசாரித்தால், அத்தை கொஞ்சம்கூட யோசிப்பதில்லை.

"சிங்க்குக்கு அடியில" என்கிறார்.